பில்டர் பாதியில் விட்டுப் போனார், கவுண்டி கோர்ட் போனால் செலவு யார் தலையில்?

குமரன் ஈஸ்ட்ஹாம்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டின் பின்பக்கம் கிச்சனை நீட்டிக் கட்ட ஒரு பில்டரிடம் வேலையைக் கொடுத்தோம். மொத்தம் £28,000 பேச்சு. இதுவரை £24,000 வாங்கிவிட்டார். ஃப்ளாட் ரூஃப் ஒழுகுகிறது, டைல்ஸ் பாதி தூக்கிக்கொண்டு நிற்கிறது, பின்கதவு சட்டத்தில் உட்காரவே இல்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. வேறொரு பில்டரைக் கூட்டிவந்து காட்டினோம். கோளாறுகளைச் சரிசெய்து மிச்ச வேலையையும் முடிக்க £9,200 ஆகும் என்கிறார்.

சொலிசிட்டர் ஒருவரிடம் பேசினேன். மணிக்கு £280, வாட் தனி, முதலில் £2,500 கட்டச் சொல்கிறார். ஆபீஸ் நண்பர் "ஜெயித்தால் வக்கீல் செலவெல்லாம் தோற்றவன் தலையில்தான், தைரியமாகப் போடு" என்கிறார். நிஜமா? இன்னொன்று, இப்போது மீடியேஷன், அதாவது மூன்றாம் ஆள் ஒருவரை வைத்துப் பேசித் தீர்ப்பது, கட்டாயமாமே? தப்பு முழுக்க அவர் பக்கம் இருக்கும்போது நான் ஏன் பேரம் பேசவேண்டும்?

சின்னத்தம்பி:
கோர்ட்டுக்குப் போனால் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான். அவ்வளவுதான் என் சட்ட அறிவு.

வழக்குமேசை:
நண்பர் சொன்னது பொது விதி. தோற்றவர் ஜெயித்தவரின் செலவைக் கொடுக்கவேண்டும் என்பதுதான் இங்கிலாந்து, வேல்ஸ் சிவில் வழக்குகளின் அடிப்படை, நடைமுறை விதிகளில் 44ஆம் பகுதியில் இருக்கிறது. ஆனால் உங்கள் வழக்குக்கு அது பொருந்தாது. £10,000 வரையிலான சாதாரண வழக்குகள் ஸ்மால் க்ளைம்ஸ் ட்ராக்கில் போகும். அங்கே வக்கீல் செலவு அவரவர் பையிலிருந்துதான். ஜெயித்தால் கோர்ட் ஃபீஸ் திரும்ப வரும், விசாரணைக்கு வந்துபோன செலவு வரும், வேலையை விட்டு வந்ததற்கு நாளுக்கு £95 வரை வரும், கோர்ட் அனுமதித்த நிபுணருக்கு £750 வரை வரும், சொலிசிட்டர் மூலம் வழக்குப் போட்டிருந்தால் ஒரு சிறு நிலையான தொகை வரும். அந்த £2,500 வரவே வராது. எதிர்த்தரப்பு அடாவடியாக நடந்துகொண்டது என்று நீதிபதி நினைத்தால் கூடுதல் செலவு போடலாம், ஆனால் அதை நம்பி வக்கீல் வைக்காதீர்கள். 2017இல் டாமர்மன் வழக்கில் அப்பீல் கோர்ட் அந்த விதிவிலக்கை இறுக்கமாகத்தான் படித்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயமும் இருக்கிறது. தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீலின் பில் உங்கள் மேல் விழாது. சாதாரண மனிதர் வக்கீல் இல்லாமல் படியேறத் துணிவது அதனால்தான்.

அடுத்து உங்கள் கணக்கு. £9,200 என்கிறீர்கள், ஆனால் பேசிய தொகையில் £4,000 இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது? வேலையை ஒழுங்காக முடித்திருந்தால் அதைக் கொடுத்திருப்பீர்கள். அதைக் கழித்தால் உங்கள் நஷ்டம் £5,200. முழு £9,200 கேட்டுப் போனால் நீதிபதி முதல் ஐந்து நிமிடத்திலேயே இதைக் கேட்பார்.

குமரன் ஈஸ்ட்ஹாம்:
ஐயோ, அதை யோசிக்கவே இல்லை. சரி, £5,200 என்றால் ஃபீஸ் எவ்வளவு?

வழக்குமேசை:
£5,000க்கு மேல் £10,000 வரை £455. £3,000க்கு மேல் £5,000 வரை £205. விசாரணைக்குத் தனி ஃபீஸ். £200ஐ விட்டுக்கொடுத்து £5,000க்குப் போட்டால் முன்பணம் £250 மிச்சம், ஆனால் ஜெயித்தால் ஃபீஸ் எப்படியும் திரும்ப வரும் என்பதால் அது உங்கள் மனத்தெம்பைப் பொறுத்தது. வருமானம் குறைவு என்றால் ஹெல்ப் வித் ஃபீஸ் என்று விண்ணப்பிக்கலாம். வட்டியையும் மறக்காமல் கேளுங்கள், 1984 கவுண்டி கோர்ட்ஸ் சட்டத்தின் 69ஆம் பிரிவில் வழக்கமாக வருடம் 8% கேட்பார்கள்.

£10,000ஐத் தாண்டிவிட்டால் ஃபீஸே 5% ஆகும், ஃபாஸ்ட் ட்ராக் என்ற அடுத்த தடத்துக்குப் போகும், அங்கே தோற்றவர் கொடுக்கிற கதை தொடங்கிவிடும். 2023 அக்டோபர் 1இலிருந்து £100,000 வரையிலான பெரும்பாலான வழக்குகளில் எவ்வளவு வாங்கலாம் என்பதை அட்டவணையாகவே போட்டுவிட்டார்கள். அட்டவணையில் உள்ளதுதான் வரும், வக்கீல் உங்களிடம் வாங்கியது அதற்கு மேல் என்றால் மிச்சம் உங்கள் கணக்கு.

ஹாரோ அண்ணை:
தம்பி, வழக்குக் கதைக்க முதல் ஒண்டு கேக்கிறன். ஒப்பந்தம் ஆரோட? அந்த ஆளோடயா, லிமிட்டட் கொம்பனியோடயா? இன்வொய்ஸில என்ன பேர் கிடக்கு? கொம்பனி எண்டால் கொம்பனியளைப் பதியிற கொம்பனீஸ் ஹவுஸின்ர வெப்சைட்டில இண்டைக்கே பாருங்கோ, பாக்கிறதுக்குக் காசு ஒண்டும் இல்லை. ஆளின்ர பேரில வழக்குப் போட்டிட்டு ஒப்பந்தம் கொம்பனியோட எண்டால் அது அங்கயே முடிஞ்சுது.

ரெண்டாவது, காசு எப்பிடிக் குடுத்தனீங்கள்? ஒரு பவுணாவது கிரெடிட் கார்ட்டில போனதோ?

குமரன் ஈஸ்ட்ஹாம்:
இன்வாய்ஸில் லிமிடெட் கம்பெனி பெயர்தான் அண்ணா. முதல் அட்வான்ஸ் £1,000 மட்டும் கிரெடிட் கார்டில் அந்தக் கம்பெனிக்கே கட்டினேன். மிச்சமெல்லாம் பேங்க் டிரான்ஸ்ஃபர்.

ஹாரோ அண்ணை:
அப்ப நீங்கள் கெட்டிக்காரன், தெரியாமலே! 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டம், 75ஆம் பிரிவு. விலை £100க்கு மேல, £30,000க்கு உள்ள எண்டால், அதில ஒரு பங்கைக் கார்ட்டில கட்டியிருந்தாலும் காணும், முழு ஒப்பந்தத்துக்கும் கார்ட் குடுத்த பாங்கும் பில்டரோட சேர்ந்து பொறுப்பு. £1,000க்கு மட்டும் இல்லை, முழு நட்டத்துக்கும். உங்கட ஒப்பந்தம் £28,000. மயிரிழையில உள்ள நிக்குது.

பாங்குக்கு எழுதுங்கோ. எட்டுக் கிழமைக்குள்ள மறுமொழி இல்லை, இல்லாட்டி மாட்டன் எண்டு சொன்னால், பாங்குகள் மேல வாற முறைப்பாடுகளைப் பாக்கிற ஃபைனான்ஷியல் ஒம்பட்ஸ்மனிட்டப் போங்கோ. உங்களுக்குச் சதம் செலவில்லை. ஒம்பட்ஸ்மன் கடைசியாச் சொல்லுற முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் பாங்கும் கட்டுப்பட வேணும், ஏற்காட்டி உங்களுக்குக் கோர்ட் வழி அப்பிடியே திறந்து கிடக்கும். சண்டை தீர்க்கிற இடம் எண்டால் எல்லாருக்கும் கோர்ட் மட்டும்தான் கண்ணில தெரியுது.

வழக்குமேசை:
அண்ணை சொல்வது முற்றிலும் சரி. முதல் பதிவிலேயே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனாலும் பில்டருக்கும் கடிதம் போகட்டும். வழக்குக்கு முன் எழுதவேண்டிய கடிதம் இல்லாமல் கோர்ட்டுக்குப் போனால் அதுவே ஒரு குறையாக நிற்கும். என்ன ஒப்பந்தம், என்ன கோளாறு, எவ்வளவு, எப்படிக் கணக்கிட்டீர்கள், 14 நாளில் பதில் வேண்டும், இவ்வளவு போதும். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட்டிருக்கவேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். திட்டாதீர்கள். அந்தக் கடிதத்தை ஒருநாள் நீதிபதி படிப்பார்.

எடின்பரோ மணி:
நான் ஸ்காட்லாந்தில் இருக்கிறேன், எனக்கும் ஒரு ப்ளம்பரோடு தகராறு. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

வழக்குமேசை:
பொருந்தாது மணி. அங்கே ஷெரிஃப் கோர்ட், சிம்பிள் ப்ரொசீஜர், £5,000 வரை. செலவு விதிகளும் வேறு. தனி இழை போடுங்கள். ஆனால் 75ஆம் பிரிவு உங்களுக்கும் உண்டு.

ரேவதி கார்டிஃப்:
குமரன் கேட்ட மீடியேஷன் கேள்வியை யாரும் தொடவில்லையே. 2024 மே 22இலிருந்து, குறிப்பிட்ட தொகை கேட்கும் ஸ்மால் க்ளைம் வழக்கில் எதிராளி மறுத்து நின்றால், ஒரு மணி நேர போன் மீடியேஷன் கட்டாயம். ஃபீஸ் கிடையாது. மீடியேட்டர் உங்களிடம் தனியாகவும் அவரிடம் தனியாகவும் பேசுவார், இருவரும் ஒரே லைனில் இருக்கமாட்டீர்கள். போகாவிட்டால் செலவு கட்டச் சொல்லலாம், வழக்கையே தள்ளிவிடவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒத்துப்போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. மீடியேட்டர் யார் பக்கம் நியாயம் என்று சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. ஒழுகுகிற கூரைக்குக் கீழே பக்கெட் வைத்துக்கொண்டிருப்பவருக்கு அவசரம். பில்டருக்கு அவசரமே இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் யார் இறங்கிவருவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

வழக்குமேசை:
ரேவதி, அதே பக்கெட்டை விசாரணைத் தேதி வரை மாதக்கணக்கில் வைத்திருப்பது மட்டும் எப்படி நியாயம்? £5,200 வழக்கில் £3,800க்கு இந்த மாதமே முடிவதும், முழுத் தொகைக்கு அடுத்த வருடம் தீர்ப்பு வாங்குவதும் ஒன்றல்ல. வேண்டாம் என்றால் போனை வைத்துவிடலாம். அங்கே பேசிய எதுவும் நீதிபதி காதுக்குப் போகாது.

ரேவதி கார்டிஃப்:
போனை வைத்துவிடலாம் என்பது வக்கீல்களுக்கு எளிது. முதல்முறை கோர்ட் கடிதத்தைப் பார்க்கிறவருக்கு 'மீடியேஷன் அப்பாயின்ட்மென்ட்' என்று வந்தால் அது ஏதோ ஆணை மாதிரித்தான் இருக்கும். எங்கள் தெருவில் ஒரு அம்மா அதை விசாரணை என்றே நினைத்து எல்லா ரசீதையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீடியேட்டர் ஒரு ரசீதையும் கேட்கவில்லை.

இது எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2004இல் ஹால்சி வழக்கு. மில்டன் கீன்ஸ் மருத்துவமனைக்கு எதிராக, கணவரை இழந்த ஒருவர் போட்டது. மருத்துவமனை மீடியேஷனுக்கு வரமாட்டேன் என்று நின்று, ஜெயித்தும்விட்டது. விருப்பமில்லாதவர்களை மீடியேஷனுக்குத் தள்ளுவது கோர்ட் கதவை அடைப்பது மாதிரி என்று அப்பீல் கோர்ட் அப்போது சொன்னது. காரணமில்லாமல் மறுத்தால் செலவில் கைவைக்கலாம், அவ்வளவுதான். அந்த வழக்கில் மறுப்பு நியாயமானதே என்றும் முடிவு செய்தார்கள்.

கிட்டத்தட்ட இருபது வருடம் அதுதான் வேதவாக்கு. பிறகு 2023 நவம்பரில், எங்கள் பக்கத்து மெர்தர் டிட்ஃபில் கவுன்சில் நிலத்திலிருந்து ஜப்பானிய நாட்வீட் செடி பரவி வீட்டுக்குச் சேதம் என்று ஒருவர் போட்ட வழக்கில், அதே அப்பீல் கோர்ட் ஹால்சியில் சொன்னது கட்டாயமாகப் பின்பற்றவேண்டிய பகுதியே அல்ல என்றது. நியாயமான விசாரணை உரிமையின் உயிர்நாடியைத் தொடாமல் இருந்தால் வழக்கை நிறுத்திவைக்கவும் பேசித் தீர்க்க ஆணையிடவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டாம். சர்ச்சில் வழக்கு என்பார்கள். 2024 அக்டோபரில் விதிகளிலேயே எழுதிச் சேர்த்துவிட்டார்கள்.

வழக்குமேசை:
நீங்கள் சொன்ன அதே சர்ச்சில் வழக்கில், இப்போது நிறுத்திவைத்து ஒரு பயனும் இல்லை என்று ஆணை போடாமல்தான் விட்டார்கள். கண்மூடித்தனமாகத் தள்ளுவதில்லை. இன்னொரு பக்கம் சூப்பர்ட்ரை என்ற துணிக் கம்பெனியின் வழக்கைப் பாருங்கள். மான்செஸ்டர் சிட்டி அணியின் பயிற்சி உடையில் இருந்த 'சூப்பர் ட்ரை' என்ற பியர் விளம்பரம் பற்றிய டிரேட்மார்க் சண்டை. விசாரணை நெருங்கிவிட்டது, ஒரு தரப்பு மீடியேஷன் வேண்டவே வேண்டாம் என்றது. 2024 இறுதியில் நீதிபதி போயே ஆகவேண்டும் என்றார். 2025 ஜனவரியில் சமரசம்!

ரேவதி கார்டிஃப்:
இரண்டு பெரிய கம்பெனி, இரண்டு பக்கமும் வக்கீல் படை. குமரனோடு ஒப்பிடுகிற வழக்கா அது?

குமரன் ஈஸ்ட்ஹாம்:
ஒரு அப்டேட். கடிதம் போட்டதும் போனே எடுக்காத மனிதர் பத்தாவது நாளில் ஈமெயில் அனுப்பியிருக்கிறார். மிச்சம் £4,000, அதோடு 'கூடுதல் வேலை' என்று £7,500, மொத்தம் £11,500க்கு கவுண்டர்க்ளைம், அதாவது எதிர்வழக்கு, போடுவாராம். "£10,000ஐத் தாண்டிவிடும், ஃபாஸ்ட் ட்ராக், தோற்றால் என் வக்கீல் செலவும் உன் தலையில்" என்று எழுதியிருக்கிறார். மனைவி பயந்துவிட்டாள். நானும்தான். கூடுதல் வேலை என்று நாங்கள் எதையும் எழுதிக் கேட்கவில்லை, ப்ளக் பாயிண்ட் இரண்டு மாற்றச் சொன்னோம்.

வழக்குமேசை:
யாரோ அவருக்கு அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கவுண்டர்க்ளைம் ட்ராக்கை மாற்றக்கூடும் என்பது உண்மை. இரண்டையும் கூட்டமாட்டார்கள், பெரியது எதுவோ அதைத்தான் வழக்கமாகப் பார்ப்பார்கள். ஆனால் தகராறில்லாத தொகையை மதிப்பில் சேர்க்கக்கூடாது என்பதும் விதி. அந்த £4,000ஐ நீங்களே கழித்துக் காட்டிவிட்டீர்கள். மிச்சம் தகராறு £7,500தான், ஸ்மால் க்ளைம்ஸிலேயே இருக்கட்டும் என்று கேளுங்கள். முடிவு நீதிபதியுடையது, ஆனால் உங்கள் கை பலமானது. £11,500க்கு கவுண்டர்க்ளைம் போட அவரே 5%, அதாவது £575 கட்டவேண்டும். ஈமெயிலுக்கு ஃபீஸ் இல்லை.

ஒருவேளை ஃபாஸ்ட் ட்ராக் போனாலும் உங்களுக்கு ஆயுதம் உண்டு. நடைமுறை விதிகளின் பார்ட் 36 என்று சொல்லி ஒரு தொகைக்கு முடித்துக்கொள்ள எழுத்தில் முன்வாருங்கள். 21 நாள் அவகாசம். அவர் மறுத்து, தீர்ப்பு உங்கள் தொகைக்குச் சமமாகவோ மேலாகவோ வந்தால் கூடுதல் வட்டி, தீர்ப்புத் தொகையில் கூடுதலாக 10% என்று அவர் பக்கம் வரிசையாக விழும். நீதிபதிக்கு அந்தக் கடிதம் தீர்ப்புக்குப் பிறகுதான் தெரியும். ஸ்மால் க்ளைம்ஸில் பார்ட் 36 கிடையாது, அங்கே நியாயமான தொகையை மறுத்தது மட்டுமே அடாவடி ஆகாது, ஆனால் நீதிபதி கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

சேது சர்வேயர்:
கட்டட வேலைத் தகராறு என்றதும் வந்தேன், இதுதான் என் தொழில். குமரன், போட்டோ ஆயிரம் எடுத்து அனுப்புவதில் பிரயோஜனம் இல்லை. ஸ்காட் ஷெட்யூல் என்று ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு வரி. என்ன கோளாறு, ஒப்பந்தத்தில் என்ன சொன்னது, சரிசெய்ய எவ்வளவு, அதற்கு எதிராளி என்ன சொல்கிறார், கடைசியில் நீதிபதிக்கு ஒரு காலிக் கட்டம். அவருடைய 'கூடுதல் வேலை' £7,500ஐயும் அதே மாதிரி வரிவரியாகக் கேளுங்கள். பாதி அங்கேயே உதிரும், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ரிப்போர்ட்டுக்கு ஆள் வைக்குமுன் கோர்ட் அனுமதி வேண்டும், முடிந்தால் இருவருக்கும் பொதுவாக ஒரே நிபுணர்.

மீடியேஷன் சண்டையில் நான் வழக்குமேசை கட்சி. பர்ச்செல் வழக்கை யாரும் சொல்லவில்லையே? வீட்டை நீட்டிக் கட்டிய பில்டர் மிச்சம் £18,000 சொச்சம் கேட்டார். வீட்டுக்காரர்கள் கோளாறு என்று £100,000க்கு மேல் கவுண்டர்க்ளைம். வழக்குப் போடுமுன்பே 2001இல் பில்டர் தரப்பு மீடியேஷனுக்கு அழைத்தது. வீட்டுக்காரர்களின் சர்வேயர், என் தொழில்காரர்தான், வெட்கம், விஷயம் ரொம்பச் சிக்கலானது, மீடியேஷனுக்குச் சரிவராது என்று எழுதினார். கடைசியில் இரு பக்கமும் கழித்துப் பார்த்தால் பில்டருக்குக் கிடைத்தது சுமார் £5,000. இரு தரப்பு வக்கீல் செலவு சுமார் £185,000! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, இங்கே கால் பணம்கூட இல்லை. 2005இல் அப்பீல் கோர்ட், சிக்கல் என்ற சாக்கு செல்லாது, அந்த மறுப்பு நியாயமில்லை என்றது. 2001இல் சட்டம் அவ்வளவு தெளிவாக இல்லை என்பதால் மறுப்புக்காகத் தனித் தண்டனை போடவில்லை.

ரேவதி கார்டிஃப்:
அந்த வழக்கை நானும் ஒப்புக்கொள்கிறேன் சேது. ஆனால் அங்கே நோய் வக்கீல் செலவு. ஸ்மால் க்ளைம்ஸில் அந்த நோயே இல்லை, மருந்தை மட்டும் எல்லாருக்கும் கட்டாயமாக ஊற்றுகிறார்கள். என் கட்சி அவ்வளவுதான். குமரன், போனில் பேசுமுன் 'இதற்குக் கீழே இறங்கமாட்டேன்' என்று ஒரு எண்ணை மனைவியும் நீங்களுமாகக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கணக்குப் போட ஆரம்பித்தால் தொலைந்தீர்கள்.

ஹாரோ அண்ணை:
எல்லாரும் தீர்ப்பு வரைக்கும் போட்டியள். தம்பி, கொம்பனீஸ் ஹவுஸ் பாத்தனீங்களோ இல்லையோ?

குமரன் ஈஸ்ட்ஹாம்:
இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. கம்பெனி நிலை 'ஆக்டிவ், ப்ரோப்போசல் டு ஸ்ட்ரைக் ஆஃப்', அதாவது பதிவிலிருந்து நீக்கும் யோசனை இருக்கிறது என்று காட்டுகிறது. கெஜட்டில் போன வாரம் அறிவிப்பு வந்திருக்கிறது.

சின்னத்தம்பி:
கம்பெனியை மூடிக்கொண்டே £11,500 கவுண்டர்க்ளைமா. ஆளுக்குத் துணிச்சல்தான்.

வழக்குமேசை:
இதுதான் இந்த இழையிலேயே முக்கியமான தகவல். அறிவிப்பு வந்து இரண்டு மாதம் ஆனதும் கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் வழக்குப் போட எதிராளியே இல்லை, திரும்பப் பதிவில் ஏற்றவைக்கத் தனியாகக் கோர்ட் போகவேண்டும். இன்று இரவே கம்பெனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் ஆட்சேபணை போடுங்கள். உங்கள் கடிதம், இன்வாய்ஸ், அவருடைய ஈமெயில் மூன்றும் ஆதாரம். மூடுவதற்கு விண்ணப்பித்தவர், கம்பெனி பணம் தரவேண்டியவர்களுக்கு ஏழு நாளில் நகல் அனுப்பவேண்டும், அனுப்பாவிட்டால் குற்றம். உங்களுக்கு வந்ததா?

குமரன் ஈஸ்ட்ஹாம்:
எதுவும் வரவில்லை.

வழக்குமேசை:
அதையும் ஆட்சேபணையில் எழுதுங்கள். தீர்ப்புக் கிடைத்தாலும் வசூல் தனி வேலை என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பெய்லிஃப், £600க்கு மேல் என்றால் ஹை கோர்ட் அதிகாரிகள், பேங்க் கணக்கை மடக்குவது எல்லாம் உண்டு. கம்பெனியிடம் ஒன்றுமில்லை என்றால் எல்லாம் வெறும் காகிதம். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆறு வருடம் சிசிஜே என்ற கவுண்டி கோர்ட் தீர்ப்புப் பதிவு நிற்கும் என்பது உயிரோடு இருக்க நினைக்கும் கம்பெனிக்குத்தான் பயம்.

ஹாரோ அண்ணை:
அதுக்குத்தான் நான் பாங்க், பாங்க் எண்டு கத்தினது. கொம்பனி செத்தாலும் 75ஆம் பிரிவு சாகாது, பாங்க் எங்கயும் ஓடாது. சேது சொன்ன அட்டவணை, £9,200 கொட்டேஷன், £4,000 கழிச்ச கணக்கு, கார்ட் ஸ்டேட்மென்ட், கெஜட் அறிவிப்பு, எல்லாத்தையும் ஒண்டாக் கட்டி நாளைக்கே அனுப்புங்கோ. 'கம்ப்ளெய்ன்ட்' எண்ட சொல் தலைப்பிலயே இருக்கட்டும், எட்டுக் கிழமைக் கணக்கு முறைப்பாடு குடுத்த நாளில இருந்துதான் ஓடும்.

குமரன் ஈஸ்ட்ஹாம்:
ஆட்சேபணை போட்டாயிற்று. பேங்குக்கான கடிதத்தின் வரைவை நாளை இங்கே பெயர்களை நீக்கிவிட்டுப் போடுகிறேன், எல்லாரும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். சேது, அந்த அட்டவணையில் ப்ளக் பாயிண்ட் இரண்டையும் அவருடைய கூடுதல் வேலை என்று ஒப்புக்கொண்டு எழுதலாமா?

சேது சர்வேயர்:
நீங்கள் கேட்டுச் செய்த வேலை என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். நியாயமான விலையையும் நீங்களே எதிரே போட்டுவிடுங்கள்.